உங்களுக்குத் தெரியுமா? முடக்க வந்த மருந்தே முடுக்கிவிடும்!

கைனேஸ் என்பது பிற மூலக்கூறுகள் மீது பாஸ்பேட் ஏற்றும் நொதி. ஒரு கைனேஸை முடக்கும் மருந்து, அதன் இணையான இன்னொரு கைனேஸை முடுக்கிவிடக்கூடும்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் இதற்குச் சான்று. பி-ராஃப் என்னும் கைனேஸ் பிறழ்ந்த புற்றுச் செல்களில் வளர்ச்சிக் கட்டளையை அது நிறுத்துகிறது. பிறழாத பி-ராஃபும், ஓயாமல் இயங்கும் ராஸ் புரதமும் உள்ள செல்களிலோ அதே கட்டளையை வலுப்படுத்துகிறது. பி-ராஃப், சி-ராஃப் போன்ற ராஃப் புரதங்கள் அங்கே இரண்டிரண்டாக ஒட்டி வேலை செய்வதே காரணம். மருந்து ஒரு புரதத்தின் செயலிடத்தை அடைத்தாலும், அந்தப் புரதம் தன் இணையை இயங்கும் வடிவத்துக்குத் தள்ளுகிறது. அந்த இணை மெக் என்னும் கைனேஸ் மீது பாஸ்பேட் ஏற்ற, மெக் எர்க் என்னும் கைனேஸ் மீது ஏற்றுகிறது; வளர்ச்சிக் கட்டளை இவ்வாறே கடத்தப்படுகிறது.

மருந்தின் அளவு போதாததுதான் காரணம் என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை உண்டு: இரு இணைகளையும் மருந்து நிரப்பினால் கட்டளை அடங்கும். ஆனால் பாஸ்பேட் ஏற்றும் திறனையே இழந்த சில பி-ராஃப் பிறழ்வுகள், மருந்தே இல்லாமல் சி-ராஃபை முடுக்குகின்றன. ஆகவே கைனேஸ் வெறும் நொதி அன்று; அருகில் நின்றே இன்னொன்றை ஆளும் துணையும்கூட. பி-ராஃப் மருந்து கிளப்பும் புதிய தோல் கட்டிகள், மெக் தடுப்பு மருந்தையும் சேர்த்துத் தரும்போது குறைவது, அவை மெக் வழியாகவே முடுக்கப்படுவதைக் காட்டுகிறது.