காலிபர் உள்ளடக்க வழங்கி

காலிபர் உள்ளடக்க வழங்கி என்பது, ஒருவர் தம் கணினியில் சேர்த்து வைத்துள்ள மின்னூல்களை வீட்டிலுள்ள பிற கருவிகளின் உலாவி வழியாகப் பார்க்கவும் தரவிறக்கவும் உதவும் வசதியாகும். காலிபர் என்ற கட்டற்ற மென்பொருளுடன் இணைந்தே வருகிறது. கிண்டில், கோபோ போன்ற மின்னூல் வாசிப்பான்களுக்கு யுஎஸ்பி கம்பியோ மின்னஞ்சலோ இல்லாமல் சொந்த நூல்களைக் கொண்டு செல்ல இது பயன்படுகிறது.

வரலாறு

இந்திய நிரலாளரான கோவிட் கோயல் மாணவராக இருந்தபோது, சோனி நிறுவனத்தின் பிஆர்எஸ்-500 வாசிப்பானை லினக்சு கணினியுடன் இணைக்க வழியில்லாமல் இருந்தது. அதற்காக 2006 அக்டோபர் 31 அன்று அவர் தொடங்கிய நிரலே 2008இல் காலிபர் என்று பெயர் மாறியது. 2017இல் வெளிவந்த 3.0 பதிப்பில் உள்ளடக்க வழங்கி புதிதாக எழுதப்பட்டது.

இயங்கும் முறை

திருவண்ணாமலை நகரையொட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். மடிக்கணினியும் வாசிப்பானும் ஒரே வைஃபையில் இணைந்திருக்கின்றன. காலிபரில் வழங்கியைத் தொடங்கியதும் 192.168.1.5:8080 போன்ற ஒரு முகவரி கிடைக்கும். இதில் 8080 என்பது காலிபர் இயல்பாகப் பயன்படுத்தும் துறை எண். இம்முகவரியை வாசிப்பானின் உலாவியில் இட்டால் நூலகம் திறக்கும்.

பெரும்பாலான வாசிப்பான்களில் முதல் முயற்சி இங்கேயே தடைப்படுகிறது. வழங்கியின் வழக்கமான பக்கம் ஜாவாஸ்கிரிப்டை நம்பியது. வாசிப்பான்களின் எளிய உலாவிகளால் அதைத் தாங்க முடிவதில்லை. முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும் 'மொபைல்' என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளிலும் சேர்த்தால், ஜாவாஸ்கிரிப்டு தேவைப்படாத எளிய பக்கம் வரும்.

கணினி உறக்கநிலைக்குச் சென்றாலோ அதன் தீச்சுவர் மறித்தாலோ பக்கம் திறக்காது. ரவுட்டர் அவ்வப்போது கணினியின் முகவரியை மாற்றுவதும் உண்டு. இவை அனைத்தும் வீட்டுக்குள் நடக்கும் பரிமாற்றம் என்பதால் இணைய இணைப்பு தேவையில்லை. மின்வெட்டில் ரவுட்டர் நின்றுபோனால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இரு கருவிகளையும் இணைத்தும் பெரும்பாலும் வேலையை முடிக்கலாம்.

தமிழ் நூல்களில் எழும் சிக்கல்

கிண்டிலின் உலாவி மோபி, உரைக்கோப்பு போன்ற சில வகைகளை மட்டுமே தரவிறக்கும். இபப், பிடிஎஃப் கோப்புகளை மறுத்துவிடும். கோபோவின் உலாவி இவ்விரண்டையும் ஏற்கும். எனவே கிண்டில் வைத்திருப்பவர் தம் நூல்களைக் காலிபரிலேயே முன்கூட்டி மோபியாக மாற்றி வைக்க வேண்டும்.

இபப்பை மோபியாக்குவது எளிது. பிடிஎஃப் அப்படியன்று. போட்டித் தேர்வுக்குப் படிப்போர் பள்ளிப் பாடநூல்களைப் பிடிஎஃப் வடிவில் சேர்த்து வைப்பது வழக்கம். தமிழ்ப் பிடிஎஃப்கள் பல, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள். மாற்றினால் பொருளற்ற எழுத்துக்குவியலே மிஞ்சும். ஒளிவருடிய நூல்களிலோ எழுத்தே இல்லை, படம் மட்டுமே உண்டு. மாற்றாமல் ஏ4 பக்கத்தை 6 அங்குலத் திரையில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

2013இல் தொடங்கப்பட்ட ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் திட்டம் தன் நூல்களை இபப், மோபி வடிவங்களோடு 6 அங்குலப் பிடிஎஃப்பாகவும் வெளியிட்டதற்குக் காரணம் உண்டு: பழைய வாசிப்பான்களில் தமிழ் எழுத்துரு சரியாகத் தெரியவில்லை. அமேசான் தமிழ் மின்னூல்களைக் கிண்டிலில் விற்கத் தொடங்கியதே 2016 டிசம்பரில்தான். தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் வழங்கியின் பட்டியலும் கட்டம் கட்டமாகவே தெரியும். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் காலிபரில் ஆங்கில எழுத்துகளில் இட்டு வைத்தால் தேட முடியும். அழகாக இராது, ஆனால் பயன்படும்.

வீட்டுக்கு வெளியே

வழங்கிக்கு இயல்பாகக் கடவுச்சொல் கிடையாது. அதே வைஃபையில் இருக்கும் எவரும் நூல்களைப் பார்க்கலாம். விடுதி அறையில் பயன்படுத்தும் மாணவர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்துக்கொள்வது நல்லது. வெளியூரிலிருந்து வீட்டு நூலகத்தைத் திறக்க ரவுட்டரில் துறையைத் திறந்துவிட வேண்டும். கைப்பேசி நிறுவனங்களின் இணைப்பில் இது பெரும்பாலும் பலிக்காது. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால் வெளியிலிருந்து வரும் அழைப்பு குறிப்பிட்ட வீட்டைச் சென்றடைவதில்லை. அத்தகையோர் புறப்படுமுன் வேண்டிய நூல்களை வாசிப்பானில் இறக்கிக்கொள்கின்றனர்.