குகை நீராடச் செல்வோரும் காத்திராத கப்பலும்

உல்லாசக் கப்பல் பயணம் ஒரு காலத்தில் பெருஞ்செல்வந்தர்களுக்கு மாத்திரமே உரியதாக இருந்தது. இன்று நிலைமை அவ்வாறில்லை. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் எம்மவர் பலர் விடுமுறைக் காலங்களில் புளோரிடாவில் கப்பலேறிக் கரீபியன் கடலைச் சுற்றி வருகின்றனர். பிள்ளைகளைப் பார்ப்பதற்காக இங்கிருந்து செல்லும் பெற்றோரும் சில வேளைகளில் அப்பயணத்தில் இணைந்துகொள்கின்றனர். கப்பல் ஒரு துறைமுகத்தில் தரித்து நிற்கும் எட்டு, ஒன்பது மணித்தியாலங்களுக்குள் தாமாகவே வாகனம் பிடித்து ஊரைப் பார்த்துவரும் ஆவல் இவர்களிடையே வளர்ந்து வருகின்றது. கப்பல் நிறுவனம் ஒழுங்குசெய்யும் சுற்றுலாவின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. கூட்டத்தோடு கூட்டமாக இழுபடவும் தேவையில்லை. எனினும் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு.

2024 மார்ச் மாத இறுதியில் ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவில் எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு அவர்களின் கப்பல் புறப்பட்டுச் சென்றது. அவர்கள் தனிப்பட்ட முறையில் ஒழுங்குசெய்த சுற்றுலாவொன்று தாமதித்ததே காரணம். அவர்கள் திரும்பிய வேளையில் கப்பல் கண்ணெதிரே நங்கூரமிட்டு நின்றது. ஆயினும் அவர்கள் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. பல நாடுகளைக் கடந்து அலைந்து செனகலை அடைந்த பின்னரே அவர்களால் மீண்டும் கப்பலேற முடிந்தது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்றோர் தாமதித்தால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். அல்லாவிடின் அவர்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தனியே சென்றோருக்கு இவ்விரண்டும் இல்லை. கப்பல் நிறுவனத்திடம் கூடுதல் பணம் கொடுத்து நாம் வாங்குவது பஸ்ஸில் ஓர் ஆசனத்தையன்று, நேரத்துக்கான உத்தரவாதத்தையே என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். தனியே செல்பவர் அந்த உத்தரவாதத்தைத் தாமே ஏற்படுத்திக்கொள்ளல் அவசியமாகும்.

இதற்கு நல்ல உதாரணம் மெக்ஸிக்கோவின் கொசுமெல் தீவாகும். கரீபியனில் கப்பல்கள் மிக அதிகமாக வந்து செல்லும் துறைமுகங்களில் இதுவும் ஒன்று. இங்கு இறங்குவோரில் பலரைக் கவர்ந்திழுப்பவை எதிர்க்கரையிலுள்ள யுகட்டான் குடாநாட்டின் நீர்க்குகைகளாகும். செனோட்டே என்று அவை அழைக்கப்படுகின்றன. மாயா மக்களின் மொழிச் சொல்லே ஸ்பானிய மொழியில் அவ்வாறு திரிந்தது.

யுகட்டானின் வடபகுதியில் தரைக்கு மேல் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, அதனைக் கரைத்து, நிலத்தின் கீழ் பெருங்குகைகளை உருவாக்கியது. பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருந்தமையால் அக்குகைகள் வறண்டு கிடந்தன. கூரையிலிருந்து தொங்கும் கற்கூம்புகள் அக்காலத்தில் உருவானவை. பின்னர் கடல் உயர, நீர் குகைகளை நிரப்பியது. கூரை இடிந்த இடங்களே செனோட்டேகளாயின. 2007 ஆம் ஆண்டில் அத்தகைய குகையொன்றின் அடியில், 12,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்னர் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு சுழியோடிகளால் கண்டெடுக்கப்பட்டது. எமது வாசகர்களுக்கு இந்நிலவமைப்பு புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாடும் ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலமே. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக விளங்கும் புத்தூர் நிலாவரைக் கிணறு இதே வகையைச் சேர்ந்ததாகும்.

இனிப் பயணத்துக்கு வருவோம். கப்பல் காலை 8 மணிக்குத் துறையை அடைந்து மாலை 5 மணிக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். பயணிகள் அனைவரும் 4.30 மணிக்குள் ஏறியிருக்க வேண்டும். தீவின் சான் மிகெல் நகரிலிருந்து எதிர்க்கரையின் பிளாயா டெல் கார்மெனுக்குச் செல்லும் பயணிகள் படகுக்கு ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். கப்பல்கள் கட்டப்படும் மூன்று துறைகளில் ஒன்று மாத்திரமே நகரினுள் உள்ளது; மற்றைய இரண்டிலிருந்தும் படகுத்துறைக்கு வாடகைக்கார் தேவை.

கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குவதே முறை. 4.30 மணிக்கு ஏறவேண்டுமெனில் 3.30 மணிக்கே கப்பல் துறையில் நிற்பது நல்லது. அதற்கு பிளாயா டெல் கார்மெனிலிருந்து சுமார் 2.30 மணிக்குப் புறப்படும் படகே இறுதி வாய்ப்பாகும். இறுதி வாய்ப்பை நம்பிப் பயணம் செய்தல் ஆகாது. அதற்கு முந்திய படகையே, அதாவது 1.30 மணியளவிலான படகையே, எமது படகாகக் கொள்ளவேண்டும். அப்படியாயின் நகருக்குத் தெற்கே 20, 25 கிலோமீற்றர் தூரத்திலுள்ள செனோட்டேயிலிருந்து 12.30 மணிக்கே வெளியேற வேண்டும். காலையிலோ, இறங்கும் வரிசையையும் பயணச்சீட்டு வரிசையையும் தாண்டி 10 மணிப் படகைப் பிடித்தால், குகையைச் சென்றடைய 11.30 ஆகிவிடும். ஆக, ஒன்பது மணித்தியாலத் தரிப்பில் நீருக்குள் கழிவது ஒரு மணித்தியாலமே. இதைத் தாளில் எழுதிப் பார்த்த பின்னரும் செல்ல மனமிருந்தால் தாராளமாகச் செல்லலாம். தூரத்திலுள்ள புகழ்பெற்ற குகைகளை விட்டு, பிளாயா டெல் கார்மெனுக்கு அண்மையிலுள்ளவற்றைத் தெரிவுசெய்வதே புத்திசாலித்தனம் என்பது எமது கருத்து. துலும் நகரை அண்டிய குகைகள் அழகானவை. ஆனால் அவை கப்பல் பயணிக்குரியவை அல்ல.

மேற்குறித்த கணக்கு முழுவதையும் குலைக்கக்கூடிய ஒன்றுண்டு. அதுவே கடிகாரம். கொசுமெல் அடங்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 பெப்ரவரியிலிருந்து ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றது. குளிர்காலத்தில் அது மியாமி நேரத்துடன் ஒத்திருக்கும். ஆனால் மார்ச் மாதத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மியாமியின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்படுகின்றது. கப்பல் தான் புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையே வைத்திருந்தால், கரையில் 3.30 மணியாகும்போது கப்பலில் 4.30 ஆகிவிடும். கைத்தொலைபேசி எவரையும் கேளாமல் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். படகின் அட்டவணையும் உள்ளூர் நேரமே. ஆகவே கப்பலை விட்டிறங்குமுன் அன்றைய கப்பல் நேரத்தை உறுதிசெய்து, கைக்கடிகாரமொன்றை அந்நேரத்திலேயே கட்டிச் செல்வது நன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஆலோசனை போல் தோன்றலாம். ஆயினும் இதைவிடச் சிறந்த வழி எமக்குத் தெரியவில்லை.

கப்பலின் அன்றாட அறிவித்தல் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அதனைக் கையோடு எடுத்துச் செல்லல் வேண்டும். கடவுச்சீட்டைக் கப்பல் அறையின் பெட்டகத்தில் விட்டுச் செல்வதே வழக்கம். அதன் பிரதியாவது கையில் இருக்கவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் பயணிப்போர் மெக்ஸிக்கோவுக்கான அனுமதியையும், அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழைவதற்கான வீசா நிலையையும் பயணச்சீட்டு வாங்கு முன்னரே உறுதிசெய்து கொள்ளவேண்டும். கரையில் கைவிடப்பட்ட ஒருவருக்கு அவை இல்லையெனில் ஏற்படும் அவலத்தை விவரிக்கத் தேவையில்லை.

குகையிலும் சில ஒழுங்குகள் உள்ளன. பெரும்பாலான இடங்களில் இறங்குமுன் உடலைக் கழுவுமாறு கேட்பர். வெயில் காப்புக் களிம்பு பூசிக்கொண்டு இறங்க அனுமதிப்பதில்லை. இதனைக் கெடுபிடியாகக் கருதலாகாது. அக்குடாநாட்டு மக்களின் குடிநீர் அந்நிலக்கீழ் நீரே. ஒரு குகையில் கலப்பது நீர்வழிகள் ஊடாக இன்னொரு கிணற்றுக்குச் செல்லும். கழிவுநீரும், மாயா ரயில் பாதைக்காகக் குகைகளின் கூரையைத் துளைத்து இறக்கப்பட்ட உருக்குத் தூண்களும் ஏற்கனவே அந்நீருக்குப் பாதகமாகியுள்ளன என்று சூழலியலாளர்கள் கண்டித்து வருகின்றனர். நீரின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். எம்மவருக்கு அது குளிராகவே தோன்றும். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியை அணிதல் வேண்டும். வெளிச்சம் முடியும் இடத்துக்கு அப்பால் வழிகாட்டியின்றிச் செல்லலாகாது. நுழைவுக் கட்டணத்தைப் பல இடங்களில் பெசோ நாணயத்தில், ரொக்கமாகவே கேட்பர். வாரத்தில் ஒருநாள் மூடப்படும் செனோட்டேகளும் உள்ளமையால் முன்கூட்டியே விசாரித்தல் நலம்.

காற்றையும் கவனிக்க வேண்டும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடக்கிலிருந்து வீசும் பலத்த காற்று, நோர்ட்டே என்ற பெயரில் அங்கு அறியப்பட்டது. பெருங்கப்பல் அசையாமல் துறையில் நிற்கும். ஆனால் படகுச் சேவையோ துறைமுக அதிகாரிகளின் உத்தரவால் நிறுத்தப்பட்டுவிடும். காலையில் கடந்துசென்றவர் மாலையில் திரும்ப வழியின்றி எதிர்க்கரையில் நிற்க நேரிடும். காலையில் படகுத்துறையில் பயணச்சீட்டு வாங்குமுன், மாலைச் சேவை நிச்சயமா என்று கேட்டுவிட வேண்டும். பதில் சற்றேனும் தயங்கி வந்தால் குகையை இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, கொசுமெல் தீவிலேயே அன்றைய பொழுதைக் கழித்துவிடலாம். அங்கிருந்து கப்பலுக்கு வாடகைக்கார் போதும்.