கார்டு மாட்டினால் வேலை முடிந்ததா?



என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல் ஆள். சென்ற விடுமுறையில் ஒரு கம்பெனிக்கு டிரெயினிங் போனேன். அங்கே கற்றதையும், செய்த ஒரு தப்பையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

பெரிய சர்வர்களில் டேட்டா முழுவதையும் உள்ளே இருக்கும் டிஸ்க்கில் வைப்பதில்லை. ஸ்டோரேஜ் பெட்டி தனியாக இருக்கும். பல சர்வர்கள் ஃபைபர் ஸ்விட்ச் வழியாக அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். இந்த நெட்வொர்க்குக்குச் 'சான்' என்று பெயர். அதில் சர்வரைச் சேர்க்கும் கார்டுதான் ஹெச்.பி.ஏ. நம் லேன் கார்டுக்கு அண்ணன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் சர்வரில் வேலை இப்படிப் போகும்:

1. சர்வரை ஆஃப் செய்து, பவர் கேபிள்கள் இரண்டையும் உருவ வேண்டும். கையில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொண்டு, கார்டை ஸ்லாட்டில் நன்றாக உட்கார வைக்க வேண்டும். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

2. ஆன் செய்ததும் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' கட்டளை கொடுத்தால் பட்டியலில் கார்டின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள்.

3. 'எல்.எஸ்.மாட்' கட்டளையில் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எமுலெக்ஸ் கார்டு என்றால் 'எல்.பி.எஃப்.சி.' என்ற டிரைவர்.

4. போர்ட்டின் நிலை 'ஆன்லைன்' என்று காட்ட வேண்டும். 'லிங்க்டவுன்' என்றால் கேபிளில் கோளாறு இருக்கலாம். அனுப்பும் இழையும் வாங்கும் இழையும் இடம் மாறியிருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

5. ஒவ்வொரு போர்ட்டுக்கும் 16 எழுத்து கொண்ட 'டபிள்யூ.டபிள்யூ.என்.' எண் உண்டு. ஸ்விட்ச்சிலும் ஸ்டோரேஜிலும் இந்த எண்ணைப் பதிவு செய்தால்தான் டிஸ்க் கிடைக்கும்.

நான் சறுக்கியது இந்த ஐந்தாவது படியில்தான். கார்டு தெரிந்தது, டிரைவர் ஏறியது, போர்ட்டும் ஆன்லைன். எண்ணைப் பேப்பரில் எழுதிக்கொடுத்துவிட்டு, "முடிஞ்சது சார்" என்றேன். ஆனால் டிஸ்க் வரவே இல்லை. சனிக்கிழமை இரவு. திங்கள் காலை சர்வர் ஓடியாக வேண்டும். சார் கேபிளை மாற்றிப் பார்த்தார், டிரைவரை இறக்கி ஏற்றினார். இரண்டு மணி நேரம் போனது.

சந்தேகம் வந்து என் பேப்பரை மறுபடி பார்த்தேன். 'பி' என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் '8' எழுதியிருந்தேன். சொன்னால் சர்டிபிகேட் போய்விடுமோ என்று வயிறு கலங்கியது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. கடைசியில் சொல்லிவிட்டேன். சார் என்னை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு, "தம்பி, இனிமே எண்ணைக் கையால எழுதாதே. ஸ்க்ரீன்ல இருந்து அப்படியே காப்பி பண்ணு" என்றார். எண்ணைத் திருத்தினோம், டிஸ்க் வந்தது.

அதோடு அவர் விடவில்லை. இரண்டு பாதையும் வேலை செய்கிறதா என்று 'மல்டிபாத்' கட்டளையில் பார்த்தார். ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளை உருவச் சொன்னார். காப்பி நிற்கவில்லை. "இப்ப சொல்லு, முடிஞ்சதுன்னு" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "செவுரு எழுப்பினா மட்டும் போதுமாடா? வரிசைக்கு வரிசை தூக்குக்குண்டு விட்டுப் பாக்கணும். கீழ்வரிசை நேரா இருக்குன்னு மேல்வரிசையைப் பாக்காம விட்டா, செவுரு சாஞ்சிரும்" என்றார். சான் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் நான் டிரெயினிங்கில் கற்ற பாடம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது!

நண்பர்களே, நம் லேபில் ஹெச்.பி.ஏ. இல்லாவிட்டால் என்ன? லேன் கார்டை வைத்தே முதல் நான்கு படிகளையும் பழகலாம். ஒரு படி சரி என்பதற்காக அடுத்த படியும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் பார்த்த பிறகே "முடிஞ்சது சார்" என்று சொல்லுங்கள்.



— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு