நொச்சி சூடிய வீரன்!

வாடகை கம்மி என்று மீஞ்சூருக்குக் குடிவந்தவன் நான். ஆபீஸ் பாரிமுனையில். கும்மிடிப்பூண்டி லோக்கலில் தொங்கிக்கொண்டே வந்து இறங்கினால், ரூமில் எனக்கு முன்பே ஆஜராகி இருப்பவை கொசுக்கள். (கடிப்பது பெண் கொசு மட்டும்தானாம். முட்டை போட அதற்கு ரத்தம் வேண்டும். கல்யாணமாகாத எனக்கு இப்படி ஒரு யோகம்!)

இந்தச் சிரிப்பெல்லாம் ரூம்மேட் மலேரியாவில் படுக்கும் வரைதான். மூன்று போர்வை போர்த்தியும் கட்டிலோடு சேர்ந்து உதறினான். பயந்துவிட்டேன்.

மறுநாளே வேப்பெண்ணெய் வாங்கி, அப்படியே உடம்பெல்லாம் பூசிக்கொண்டு படுத்தேன். கொசு வரவில்லை. காலையில் லோக்கலில் என் பக்கத்தில் ஆளும் வரவில்லை. உட்கார சீட்டே கிடைத்தது! ஆனால் கை முழுக்க அரிப்பு.

கலந்துதான் பூச வேண்டுமாம். தேங்காயெண்ணெயில் 2 சதவிகிதம் வேப்பெண்ணெய் போதும். மலேரியா பரப்பும் அனாபிலஸ் கொசுவை 12 மணி நேரம் வரை தடுத்தது என்று டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் 1993-ல் எழுதியிருக்கிறார்கள். நம் மூச்சையும் வியர்வையையும் மோப்பம் பிடித்துத்தான் கொசு வருகிறது. எண்ணெய் அந்த மோப்பத்தைக் குழப்புகிறது. வாசனை பறந்தால் பாதுகாப்பும் பறக்கும். கமகம சிட்ரொனெல்லா சரக்குகள் சராசரியாக 20 நிமிஷம்கூடத் தாங்கவில்லை என்றது 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு.

ஒரு ஞாயிறு, பழவேற்காட்டில் மீனவ நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது சாய்ந்ததும் அவன் ஆயா தணலில் நொச்சித் தழையைப் போட்டார்.

"ஜன்னலத் தொறந்து வை தம்பி. பொகை கொசுவுக்குத்தான், நமக்கு இல்ல."

அந்தக் காலத்தில் கோட்டையைக் காக்கும் வீரர்கள் சூடியது நொச்சிப் பூ. இன்றைக்கு முற்றுகை போடுவது கொசு. காவல் அதே நொச்சி!

ரூம்மேட் கதையைச் சொன்னேன். ஆயா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உங்க ஊட்டுத் தண்ணித் தொட்டிக்கு மூடி இருக்குதா?"

திரும்பியதும் மொட்டை மாடி ஏறினேன். மூடி இல்லை. நல்ல தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்தன புழுக்கள்! நகரத்து மலேரியாக் கொசு கிணற்றிலும் தொட்டியிலும்தான் பிறக்கிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். எண்ணெய் தேடி ஊரெல்லாம் அலைந்தவன், சொந்த மாடிக்கு ஏறவில்லை!

தொட்டியைக் கழுவினோம். ரூம்மேட்டும் மாத்திரைகளை முழுசாக முடித்து எழுந்துவிட்டான். இப்போது தொட்டி வாயில் இறுக்கிக் கட்டியிருப்பது என் பழைய வேட்டி.

நொச்சி மாலை ஒன்றுதான் பாக்கி!