காணி பார்க்க வேண்டியது மார்கழியில்

பனி கொட்டும் நாடுகளில் முப்பது, நாற்பது வருடம் உழைத்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்ப நினைப்பவர்கள் காணித் தரகரிடம் முதலில் கேட்பது கடற்கரைக் காணியைத்தான். 1980களில் ஊரைவிட்டுப் போன தலைமுறை ஓய்வூதிய வயதுக்கு வந்துவிட்டது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் யன்னலை மூடிக்கொண்டே காலம் கழித்தவர்களுக்குக் கதவைத் திறந்ததும் அலை தெரிய வேண்டும் என்ற ஆசை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பெரும்பாலோர் காணி பார்க்க வருவது ஆடி, ஆவணியில். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை, மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம், உறவெல்லாம் ஊரில். அப்போது வாவி வற்றிக் கிடக்கும். எந்தப் பள்ளக் காணியும் மேட்டுக் காணியாகவே கண்ணுக்குத் தெரியும். இங்கே குடியேற இடம் தேடுகிறவர் கடலின் அழகை விட்டுவிட்டு, மழை மாதத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, கோடையில் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் வாதம். அப்படிப் பார்த்தால் கடலோரத்தையும் வாவியோரத்தையும் விட்டு, நடுவிலுள்ள பழைய ஊர்மனையில்தான் கால் நிற்கும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதற்கும் கடலுக்கும் இடையில் கிடப்பது ஒரு மணல் நிலம். நாவலடிப் பக்கம் மிக ஒடுங்கி, தெற்கே ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் அகன்று போகும். வருட மழையில் பாதிக்கு மேல் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கொட்டிவிடுகிறது. மேற்கே பெய்வதெல்லாம் வாவிக்குத்தான் வர வேண்டும். முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் அதை வெட்டிவிடும்வரை தண்ணீர் கரையேறி நிற்கும். 2011 தையில் இந்த மாவட்டம் மூழ்கியதை மறந்தவர் இல்லை. கடல் பக்கத்துக் கணக்கு வேறு: 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருந்த நாவலடி ஆழிப்பேரலையன்று அழிந்தே போனது. எஞ்சியவர்கள் திராய்மடுவில் புதிதாகக் குடியேற்றப்பட்டார்கள். வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசாங்கம் முதலில் விதித்ததும், பிறகு அதைத் தளர்த்தியதும் எல்லாருக்கும் தெரியும். சட்டம் தளர்ந்ததால் நிலம் உயர்ந்துவிடவில்லை.

வெள்ளத்தை விடவும் நான் பெரிதாக எண்ணுவது கிணற்றை. இந்த மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நன்னீர் மிதக்கிறது. சீமெந்து வளையம் இறக்கி ஆழமில்லாமல் தோண்டிய கிணற்றில், வாளியால் அள்ளியவரை அது தாங்கியது. மோட்டார் போட்டு இறைக்க இறைக்கக் கீழே இருக்கும் உப்பு மேலேறும். கடலுக்கு நெருங்க நெருங்க இந்த ஆபத்தும் கூடும். காணிகள் துண்டுபட்டுப் பத்துப் பேர்ச்சாகச் சுருங்கிய இடங்களில் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழியும் நம் கிணறும் கிட்டக் கிட்ட வந்துவிடுகின்றன. மணல் எதையும் தடுத்து வைக்காது. உன்னிச்சைக் குளத்திலிருந்து குழாய்நீர் வருகிறதே என்பார்கள். வருகிறது; ஆனால் வறண்ட வருடத்தில் அந்தக் குளத்தை நம்பி வயலும் இருக்கிறது. குழாய் இருக்கும் வீட்டுக்கும் நல்ல கிணறு வேண்டும்.

கடலோரத்தில் காற்று வருமே என்பது வலுவான மறுப்பு. மாலையில் வரும், உண்மை. ஆனால் வைகாசி, ஆனியில் வீசுவது கச்சான் காற்று. மேற்கிலிருந்து காய்ந்த வயலைத் தாண்டி வரும் அந்த அனல் கடற்கரை வீட்டுக்கு மட்டும் சலுகை காட்டுவதில்லை. அன்றைக்குக் காப்பாற்றுவது கூரையும் மரமும்தான். பழைய வளவுகளில் மாவும் தென்னையும் வேம்பும் நிற்கின்றன. கரையில் சவுக்கைத் தவிர நிழலுக்கு அதிகம் இல்லை. அங்கே கொங்கிரீட் தட்டுப் போட்ட மாடி வீடு பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவில் கக்கும். போதாததற்கு உப்புக்காற்று: ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டின் கேற்றுப் பிணைச்சலைத் தொட்டால் துரு செதிலாக விரலோடு வரும். பிறகு தூண் கம்பி வீங்கிச் சீமெந்து வெடிக்கும்.

விலை என்பது அடுத்த மறுப்பு. பிரதான வீதியை ஒட்டிய ஊர்மனையில் ஒரு துண்டு வாங்கும் காசுக்கு வாவியின் மேற்கே படுவான்கரையில் தோட்டமே வாங்கலாம் என்கிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாவியைப் பாதை எனப்படும் மிதவையில்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது கொக்கட்டிச்சோலை தூரமில்லை. அங்கே உறவும் வயலும் உள்ளவர்களைத் தடுக்க எனக்கு நியாயம் கிடையாது. புதிதாகப் போகிறவர் மூன்றை யோசிக்கட்டும். வயற்புற ஊர்களில் யானை வேலி தாண்டுகிறது. எழுபது வயதில் நெஞ்சு வலித்தால் நகரத்துப் போதனா வைத்தியசாலைக்கோ களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ நள்ளிரவில் போய்ச் சேர வேண்டும். படுவான்கரையில் பல காணிகள் அரச அனுமதிப்பத்திரக் காணிகள். உறுதிக்காணியைப் போல விற்கவும் வாங்கவும் முடியாது. மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஊர்மனையில் இடம் கிடைப்பது கடினம் என்பதை மறுக்க முடியாது. பெண்பிள்ளைக்கு வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதிவிடுவது மட்டக்களப்பு வழக்கம். ஆகவே திரும்பி வரும் ஆணுக்குப் பிறந்த வீடு அக்காவின் வீடாகவோ மருமகளின் வீடாகவோ மாறியிருக்கும். கடற்கரையை அவர் தேடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மனைவியும் அதே ஊர்க்காரி என்றால் அவர் பக்கத்து வளவு இருக்கக்கூடும். முதலில் அங்கே கேட்க வேண்டும். உறவுக்குள் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்ராறியோவில் இருப்பவர் மருத்துவக் காப்புறுதியைக் காப்பாற்ற 12 மாதத்தில் 153 நாளாவது அந்த மாகாணத்தில் நிற்க வேண்டும். அந்த நாள்களில் இங்கே பூட்டிய வீட்டை எட்டிப் பார்க்கத் தனிக்கரையில் யார் இருக்கிறார்கள்?

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. அவசரத்தில் சகோதரன் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் ஒரு மார்கழியும் ஒரு ஆனியும் வாடகை வீட்டில் இருந்து பார்க்கலாம். 2011இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று அயல்வீட்டு ஆச்சியிடம் கேட்டால் சுவரில் கைவைத்தே காட்டுவார்.