எண்மத் தாளில் தமிழ்க் கையெழுத்து: புள்ளியும் கொம்பும்

மின் எழுதுகோல் கொண்டு எழுதும் எண்மத் தாள் கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பரப்பின் வழவழப்பு, கோலின் முனை, கோடு தோன்றுவதில் ஏற்படும் தாமதம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. கண்ணாடிப் பரப்பில் கோல் வழுக்குவதால் தமிழெழுத்தின் சுழிகள் அகன்றுபோவதையும், சற்றே சொரசொரப்பான படலத்தை ஒட்டியதும் கை தன் பழைய அளவுக்குத் திரும்புவதையும் எழுதிப் பார்ப்பவர் உணர்வர். எனினும், எழுதியதை அச்செழுத்தாக மாற்ற முற்படும்போது தோன்றும் இடர்ப்பாடுகளுக்குத் தமிழெழுத்தின் அமைப்பும் அதை எழுதும் முறையுமே முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஐதராபாத்தின் கச்சிபௌலியில் உள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தமிழ் உள்ளிட்ட 8 இந்திய எழுத்துமுறைகளுக்கான கையெழுத்துச் சொல் தொகுப்பு ஒன்றை 2021-இல் வெளியிட்டனர். 135 பேர் எழுதிய ஏறத்தாழ 8.7 இலட்சம் சொற்படிமங்கள் அதில் உள்ளன. இத்தகைய படிமம் எழுத்தின் முடிந்த வடிவத்தை மட்டுமே காட்டும். மின் எழுதுகோலோ எந்தக் கோடு முதலில் வந்தது, கை எங்கே நின்றது என்பதையும் பதிவு செய்கிறது. இக்கால வரிசை கருவிக்குப் பெருந்துணை. தமிழில் அதுவே சிக்கலுமாகிறது.

புள்ளியை முதலில் நோக்குவோம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதே காரணம் என்பர். எண்மத் தாளில் துளைபடும் அச்சம் இல்லை. ஆனால் நொடிப்பொழுதில் கோல் தொட்டு விலகும் புள்ளியைக் கைதவறிய தொடுகை எனக் கருதி மென்பொருள் நீக்கிவிடக்கூடும். அவ்வாறு நீங்கினால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். மேலும், விரைந்து எழுதுவோர் பலர் சொல் முழுவதையும் எழுதி முடித்த பின்னரே திரும்பி வந்து புள்ளிகளை இடுகின்றனர். எழுத்துக்கு எழுத்து முடிவு செய்யும் கருவி இவ்விடத்தில் தவறுகிறது. சொல் முடியும்வரை காத்திருந்து, பின்வந்த புள்ளியை அதன் இடத்தைக் கொண்டு உரிய எழுத்தோடு சேர்ப்பதே பொருத்தமான வழி.

கொம்பின் நிலை வேறு. ‘கொ’ என்பதை எழுதும் கை கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் செல்கிறது. ஒருங்குறியில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே சேமிக்கப்படும். கையின் வரிசையை ஒலியின் வரிசையாக மாற்றும் பணி இடையில் நடைபெற வேண்டும். காலையும் ரகரத்தையும் வேறுபடுத்தாத ஓலை வழக்கின் எச்சம் இன்றைய அவசரக் கையெழுத்திலும் காணப்படுவதால், ‘கொ’ எழுதப்பட்டதா ‘கெர’ எழுதப்பட்டதா என்பதைச் சொல்லின் துணையின்றித் துணிய இயலாது. (மனிதரும் பிறர் கையெழுத்தைப் படிக்கையில் சொல்லை ஊகித்தே எழுத்தை அறிகின்றனர்.)

2006-இல் பிரான்சின் லா போல் நகரில் கூடிய கையெழுத்தறிதல் பயிலரங்கையொட்டித் தமிழுக்கென ஒரு போட்டி நடத்தப்பட்டது. தனித்து நிற்கும் உயிர்க்குறிகளைப் பிரித்துக் கொண்டமையால் அதற்கு 156 குறியீடுகளே போதுமானவையாயின. ஆயினும் அவை தனியெழுத்துகள். தொடர்ந்தோடும் கையெழுத்து அல்ல.

இன்னொன்றும் கருதத்தக்கது. தமிழ்நாட்டரசின் 1978 ஆணை ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முன் எழுதப் பழகியோருள் பலர் துதிக்கை போன்ற பழைய ஐகார வளைவையே இன்றும் எழுதுகின்றனர். ஒருங்குறியில் இவ்வடிவத்துக்குத் தனியிடம் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் மாணவர்களின் கையெழுத்தை மட்டுமே கொண்டு பயிற்றப்பட்ட கருவி, முதியவர் ஒருவர் எழுதும் ‘மலை’யைப் பிழையெனத் தள்ளும். பயிற்சித் தரவு திரட்டும்போதே அறுபது அகவை கடந்தோரின் கையெழுத்தும் சேர்க்கப்பட்டால், பழைய வடிவையும் புதிய வடிவையும் ஒரே குறியீட்டுக்கு உரியனவாகக் கருவி கற்றுக்கொள்ளும்.