உண்ணிச்செடி: வேலியா, வினையா?



மலையடிவாரத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கறவை மாட்டுக் கடன் பற்றிப் பேச்சு நடந்தது. ஒரு அக்கா கேட்டார்: "தோட்டத்தைச் சுத்தி உண்ணிச்செடி நட்டா என்ன? ஆடு மாடு வாய் வைக்காது, வேலிச் செலவு மிச்சம்தானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு செடியால் ஆபத்து உண்டா என்று அறிய நாம் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. எப்படிப் பரவுகிறது?
இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பூ அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழத்தைக் குருவிகள் தின்று எச்சத்தோடு விதையைப் போடும். அதனால் நட்ட இடத்தோடு நிற்காது.

2. எதை அழிக்கிறது?
முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. அதன் அடியில் புல் தழைக்காது. கோடையில் காய்ந்தால் தீ வேகமாகப் பரவும்.

3. கால்நடைக்கு என்ன செய்யும்?
இலையில் உள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பழகின மாடு பெரும்பாலும் தொடாது. வெளியூர்ச் சந்தையில் வாங்கின மாட்டுக்கு இது தெரியாது. வறட்சியில் பசிக்குத் தின்றுவிடும். பிறகு தீனி எடுக்காது, சாணி இறுகும், கண் மஞ்சளாகும், வெயில் பட்டால் மூக்குத் தோல் வெந்து உரியும். உடனே நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கைவைத்தியம் பார்த்து நாள் கடத்த வேண்டாம்.

4. அகற்ற முடியுமா?
வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, காய்க்கும் முன்பே, வேர்க்கட்டையோடு தோண்டித் தலைகீழாகக் காயப் போடுங்கள். அடுத்த மழையில் முளைக்கும் கன்றுகளையும் பிடுங்கி, அந்த இடத்தில் புல் வளருங்கள். காப்புக் காட்டுக்குள் மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

வீட்டோரம் ஒரு செடி நின்றால் ஆபத்து குறைவு, இப்போதே பிடுங்கிவிடலாம். புது மாடு மேயும் இடத்தில் புதரும் இருந்து, புல்லும் இல்லையென்றால் ஆபத்து அதிகம். மாடு செத்தாலும் கடன் தவணை நிற்காதே!

அந்த அக்காவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: உண்ணி வேண்டாம், நம்ம ஊர்க் கிளுவையை நடுங்கள். ஆடு மாட்டுக்குத் தழையும் கிடைக்கும்.

அடுத்த முறை மாட்டுக் கடனுக்குத் தீர்மானம் எழுதும் முன், இரண்டு பேர் போய் மேய்ச்சல் இடத்தைப் பார்த்து வாருங்கள். பார்த்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள், தீர்மான நோட்டிலும் எழுதுங்கள்.